பூச்சாண்டிக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா, மாப்ளே?

"கார்ட்டூன்ல வாற பூதத்தைப் பாத்தா சின்னப் பிள்ளைக மனசு கெட்டுப்போகுமா மாமா?"ன்னு கேக்கீரு. பெங்களூர்ல ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுற மாப்பிள்ளைக்கு, கரிசக்காட்டுக் கிழவன்கிட்ட கேக்கவும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு பாரும், அதுவே எனக்குப் பெருமைதான். பதில் சொல்லுதேன். அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கப்படாது.

நேத்து ராத்திரி சின்னவ சோறு வேண்டாம்னு அடம்பிடிச்சப்ப, "சாப்பிடலேன்னா போலீஸ் மாமாகிட்டப் பிடிச்சுக் குடுத்திருவேன்"னு சொன்னது எந்தக் கார்ட்டூன்? எனக்கு உம்ம குரல் மாதிரில்லா கேட்டுச்சு!

நம்ம வீடுகள்ல சம்பளமில்லாம வேலை பாக்குற ஆளுக எத்தனை பேருன்னு எண்ணிப் பாரும். சோறு ஊட்டப் பூச்சாண்டி. தூங்க வைக்க மூணு கண்ணன். வாசலைத் தாண்டாம இருக்கப் பிள்ளைபிடிக்காரன், அவன் தோள்ல ஒரு சாக்கு. உச்சி வெயில்ல வெளிய போகாம இருக்கப் புளியமரத்து முனி. பொய் சொல்லாம இருக்க, கண்ணைக் குத்துற சாமி. போதாததுக்கு ஊசி போடுற டாக்டரு. மறுநாள் காய்ச்சல்னு பிள்ளையை அதே டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போயி, "இவ ஏன் இப்படிக் கத்துறான்னே தெரியல டாக்டர்"னு முழிக்கிறது. இதுல ஒருத்தருக்காவது சென்சார் போர்டு சர்டிபிகேட் குடுத்திருக்கா? காசு குடுத்து வாங்கின டிவியில பூதம் வந்தா மட்டும் உமக்குப் பதறுது.

சரி, கேள்விக்கு வாரேன். நான் டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டரா இருந்தவன். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டுப் போட்டு, கார்பன் குச்சியைப் பொருத்தி, ரீல் ஓட ஆரம்பிச்சிட்டா ஆபரேட்டருக்குப் படம் பாக்குற வேலை கிடையாது. தினமும் பாக்குற படத்துல என்ன இருக்கு? ஓட்டை வழியா ஜனங்களைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். மணலைக் குவிச்சு உக்காந்திருக்கிற பிள்ளைக எந்த இடத்துல அழும், எந்த இடத்துல தாய் மடியைத் தேடும்னு எனக்கு அத்துப்படி.

கத்திச் சண்டையில பத்துப் பேரு சாவான். ஒரு பிள்ளை அசையாது, அதுபாட்டுக்கு மணல்ல வீடு கட்டிக்கிட்டு இருக்கும். 'பாதாள பைரவி'யில ரங்காராவ் தாடியும் முழியுமா மந்திரவாதி வேசத்துல வந்து நிப்பாரு. யாரையும் இன்னும் தொட்டிருக்கக் கூட மாட்டாரு. அதுக்குள்ள முன்னால உக்காந்திருந்த கூட்டம் மொத்தமும் பின்னால ஓடி வந்து தாய் மடியில ஏறியிருக்கும். விட்டலாச்சார்யா படத்துப் பேய், விறகுக்குப் பதிலாத் தன் காலையே அடுப்புல நீட்டும். பெரியாளுக வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாக. பிள்ளைக மறுநாள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காது. டிக்கெட் குடுக்குற இடத்துல தகப்பன்மாரு வந்து, "வெட்டுக் குத்து இருக்கா? பிள்ளையைக் கூட்டிட்டு வரலாமா?"ன்னு விசாரிப்பாக. "அடுப்புல கால் இருக்கா?"ன்னு ஒருத்தரும் விசாரிச்சதில்ல.

அதுதான் மாப்ளே சங்கதி. பிள்ளை பயப்படுமான்னு கேட்டா, பயப்படும். அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா நீரு எந்த இடத்துல ஓடி வந்து அதோட கண்ணைப் பொத்துதீரோ, அங்கன அதுக்குப் பயம் இருக்காது. நீரு சிரிக்கிற இடத்துல அதுக்குக் குலை நடுங்கும்.

நான் ஓட்டை வழியாப் பாத்ததை அமெரிக்காவுல ஒரு அம்மா முறையாச் சோதிச்சுப் பாத்து எழுதியிருக்காக. ஜோஆன் கான்டர்னு பேரு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல பேராசிரியையா இருந்தவுக. மனோதத்துவம் படிக்கிற என் பேத்தி லீவுக்கு வந்தா வாசிச்சுச் சொல்லுவா. நானும் திண்ணையில காலை நீட்டிக்கிட்டு, "இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா வரைக்கும் போணுமாட்டி?"ன்னு நக்கலடிச்சுக்கிட்டே ஒரு வரி விடாமக் கேட்டுக்கிருவேன்.

1970கள் கடைசியில அங்க டிவியில 'இன்கிரெடிபிள் ஹல்க்'னு ஒரு தொடர். சாதுவான டாக்டர் ஒருத்தரு. கோவம் வந்தாச் சட்டை கிழிஞ்சு, உடம்பு வீங்கி, பச்சை நிறத்துல ஒரு ராட்சசனா மாறிருவாரு. ஆனா நல்லவரு. மாட்டிக்கிட்டவுகளைக் காப்பாத்துவாரு. அதுல ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினாக. பெரிய வகுப்புப் பிள்ளைக்கு எப்பம் பயம் வந்துச்சு? அந்த மனுசன் ஆபத்துல மாட்டினப்ப. அவரு பச்சையா மாறினதும் பயம் குறைஞ்சுபோச்சு, 'இனிப் பொழைச்சுக்கிருவாரு'ன்னு அதுக்குத் தெரியும். பள்ளிக்கூடமே போகாத சின்னதுகளுக்கு? ஆபத்தைப் பாத்து அவ்வளவா ஒண்ணும் இல்ல. காப்பாத்த வந்தவனைப் பாத்துத்தான் நடுக்கம்.

உமக்கு இது புதுசா இருக்கோ? நம்ம சுடலைமாடன் கொடையை நினைச்சுப் பாரும். சாமக்கொடையில மகுடம் அடிக்க அடிக்க உம்ம சித்தப்பா மேல சாமி இறங்கும். சாயங்காலம் வரைக்கும் உம்மைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுப் பொரிகடலை வாங்கிக் குடுத்த அதே சித்தப்பா. அவரு வல்லயத்தை ஓங்கி, கண்ணை உருட்டினதும் நீரு டவுசரை நனைச்ச கதை இந்தத் தெருவுக்கே தெரியும். சாமி நம்மைக் காக்க வந்திருக்குன்னு பெரியவுக கும்பிட்டு நின்னாக. உமக்குச் சாமி வந்தது தெரியல. சித்தப்பாவைக் காணோம்ங்கிறதுதான் தெரிஞ்சுது. பழகின மொகம் கண் முன்னால வேற மொகமா மாறுறது அந்த வயசால தாங்க முடியாத காரியம்.

கான்டர் அம்மா கூட்டம் இன்னொரு சோதனையும் வச்சாக. ஒரே கிழவிக்கு ரெண்டு வேசம். ஒரு வேசத்துல பாத்தாலே மடியில போயி உக்காரலாம் போல ஒரு பாட்டி. இன்னொரு வேசத்துல சூனியக்காரி. ரெண்டு வேசத்துலயும் அவ ஒரு பூனைகிட்ட ஒருக்கா அன்பா நடப்பா, ஒருக்கா கொடுமையா நடப்பா. ஆக நாலு விதம். ஆளுக்கு ஒண்ணாக் காட்டி, "இவ நல்லவளா, கெட்டவளா?"ன்னு கேட்டாக. ஒம்பது பத்து வயசுப் பிள்ளைக, பூனையை அவ என்ன செஞ்சாங்கிறதைப் பெருசா எடுத்துக்கிடுச்சு. மூணுல இருந்து அஞ்சு வயசு மூஞ்சியைப் பாத்தே தீர்ப்பு எழுதிருச்சு. பேத்தி இதை வாசிச்சப்ப எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "என்ன தாத்தா?"ன்னா. "நம்மூர் ஓட்டர் லிஸ்டுல இருக்கிறவுக வயசும் மூணுல இருந்து அஞ்சுதானாட்டி. போஸ்டர்ல மொகம் சிரிச்சாப் போதும், பூனையை யாரு பாக்கா?"ன்னேன்.

இப்பம் 1937ல வால்ட் டிஸ்னி எடுத்த 'ஸ்நோ ஒயிட்'டை எடுத்துக்கிடும். அழகான ராணி, வேட்டைக்காரனைக் கூப்பிட்டு, அந்தப் பொண்ணைக் கொன்னு இருதயத்தைப் பெட்டியில வச்சுக் கொண்டாங்கா. நீரு உடனே ரிமோட்டைத் தேடுவீரு. சின்னவ சாவகாசமா ராணி கிரீடத்தைப் பாத்துக்கிட்டு இருப்பா. அப்புறம் அதே ராணி மருந்தைக் குடிச்சுக் கூன் விழுந்த கிழவியா மாறுவா. "அப்பாடா, கொலை சீன் முடிஞ்சுது"ன்னு நீரு ரிமோட்டைக் கீழ வைக்கவும், சின்னவ தொண்டை கிழியவும் சரியா இருக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சிராதேயும். 1983 நவம்பர் 20ஆம் தேதி அமெரிக்க டிவியில 'தி டே ஆஃப்டர்'னு ஒரு படம் போட்டாக. கான்சாஸ் பக்கம் அணுகுண்டு விழுந்தா ஜனங்க கதி என்ன ஆகும்ங்கிற கதை. கிட்டத்தட்ட 10 கோடிப் பேரு பாத்தாக. ஐயோ சின்னப் பிள்ளைக பாத்தா என்ன ஆகும்னு ஒரே பதற்றம். மறுநாள் கான்டர் அம்மா கூட்டம் வீடு வீடாப் போன் போட்டு விசாரிச்சாக. சின்னதுக அலட்டிக்கிடவே இல்ல. 12 வயசுக்கு மேல உள்ளதுக கலங்கியிருக்கு. எல்லாரையும் விட ஆடிப்போனவுக யாரு தெரியுமா? பெத்தவுக! அணுகுண்டுக்குப் பல்லும் கிடையாது, நகமும் கிடையாது. அது என்ன செய்யும்னு புரிஞ்சவனுக்குத்தான் தூக்கம் போகும்.

உம்ம மூத்தவனுக்குப் பத்து வயசு. அவனைப் பேய்ப் படத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேங்கீரு, சந்தோசம். ராத்திரி ஒம்பது மணிக்கு நீரு செய்திச் சேனலைப் போட்டுக்கிட்டு உக்காருறப்ப அவன் எங்க இருக்கான்? உம்ம பக்கத்துல. சிசிடிவியில பதிவான ஒரு லாரி விபத்து. அதுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவா ஓட்டி, திரும்பத் திரும்ப ஓட்டி, டம டமன்னு பின்னணி இசை வேற. விட்டலாச்சார்யா கூட ஒரு பேயை ஒரு தடவைதான் காட்டுவாரு, மாப்ளே. அது நிசம்னு மூத்தவனுக்குத் தெரியும். காலையில அதே ரோட்டுலதான் அவன் ஸ்கூல் வேன் போகும்ங்கிறதும் தெரியும். காலையில "வயித்து வலி, ஸ்கூலுக்குப் போகல"ம்பான். நீரு, ஹோட்டல்ல வாங்கித் தின்ன பரோட்டாதான் சேரலன்னு பரோட்டா மேல பழியைப் போடுவீரு.

நாலு நாள்ல மறந்துரும்னுதான எல்லாரும் சொல்லுதாக? மிச்சிகன், விஸ்கான்சின் ரெண்டு பல்கலைக்கழகத்து மாணவர்களைக் கேட்ட ஆய்வு ஒண்ணு 1999ல வெளியாச்சு. சின்ன வயசுல ஏதாவது படமோ டிவி நிகழ்ச்சியோ பாத்து ரொம்பப் பயந்தது உண்டான்னு கேட்டதுக்கு, 100க்கு 90 பேரு உண்டுன்னாக. அதுல கால்வாசிப் பேருக்கு அந்தப் பயத்தோட மிச்சம் காலேஜ் வந்த பிறகும் விடல. 1975ல வந்த 'ஜாஸ்' சுறாவைப் பாத்துட்டுக் கடல்ல இறங்க மாட்டேன்னவுக இருக்காக, நியாயம். ஏரியில இறங்கவும் பயந்தவுக இருக்காக! நல்ல தண்ணி ஏரியில சுறா எங்கயிருந்து வரும்னு அவுக மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியல.

"நான் பேய்ப் படமா காட்டுதேன் மாமா? கார்ட்டூன்தான போட்டுக் குடுக்கேன்?"னு நீரு முனங்குறது கேக்கு. அதையும் ஒரு கூட்டம் எண்ணிப் பாத்திருச்சு. 2014 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை. கிறிஸ்துமஸ் சமயத்துல அந்தப் பத்திரிகை கொஞ்சம் குசும்பா எழுதும். ஆனா கணக்குல குசும்பு கிடையாது. 'ஸ்நோ ஒயிட்'ல இருந்து 2013ல வந்த 'ஃப்ரோசன்' வரைக்கும் 45 கார்ட்டூன் படம். அதுகளுக்கு எதிர்ல பெரியாளுக பாக்குற படம் 90. எதுல முக்கியமான ஆளு சாகுறது அதிகம்? கார்ட்டூன்ல, ரெண்டரை மடங்கு. தாய் தகப்பன் சாகுறது அஞ்சு மடங்கு. நீமோ மீனோட தாயைப் படம் தொடங்கி 4 நிமிசம் 3 விநாடியில பெரிய மீன் ஒண்ணு முழுங்கிருது. டார்ஜானைப் பெத்தவுகளை 4 நிமிசம் 8 விநாடியில சிறுத்தை முடிச்சிருது. எங்க டாக்கீஸ்ல அந்நேரத்துக்கு முறுக்கு விக்கிறவன் கூட உள்ள வந்திருக்க மாட்டான். வில்லன் நம்பியார் ஒரு படம் முழுக்கப் பாடுபட்டும் முடிக்காத காரியத்தை இந்த மீனும் சிறுத்தையும் டைட்டில் ஈரம் காயுறதுக்குள்ள முடிச்சிருதுக. நீரு "கார்ட்டூன்தான"ங்கீரு!

பொம்மைப் படம்னா பயமில்லைங்கிற நினைப்பு உமக்கு மட்டும் இல்ல, சீமையில சர்டிபிகேட் குடுக்கிறவுகளுக்கே இருந்துச்சு. 1978ல 'வாட்டர்ஷிப் டவுன்'னு முயல்களை வச்சு ஒரு படம். முயலுன்னா பிள்ளைகளுக்குப் பிடிக்கும்லா? அதனால எல்லாரும் பாக்கலாம்னு 'யு' குடுத்துட்டாக. வரைஞ்ச படம்தான, முடிஞ்சா மறந்துரும்னு ஒரு நியாயம். உள்ள பாத்தா முயலு முயலைக் கடிச்சுக் குதறுது, ரத்தம் ஒழுகுது. 2016ல ஈஸ்டர் அன்னைக்கு ஒரு சேனல் அதைப் பட்டப்பகல்ல போட்டு, சாக்லேட் முட்டை தின்னுக்கிட்டு இருந்த பிள்ளைக அலறி, பெத்தவுக வசைமாரி பொழிஞ்சாக. கடைசியா 2023ல, பெத்தவுக பாத்துக்கிடணும்னு 'பிஜி'யா மாத்தினாக. 45 வருசம்! நம்மூர்ல பட்டா மாறுற வேகம்தான் அங்கயும்.

நம்ம நாட்டுல 'யு/ஏ' 1983ல வந்துச்சு. 2023ல சட்டத்தைத் திருத்தி, ஏழு வயசு, பதிமூணு வயசு, பதினாறு வயசுன்னு அதை மூணாப் பிரிச்சிருக்காக. போன்ல வாற படங்களுக்கும் இதே மாதிரி வயசு போடணும்னு 2021லயே விதி. பதிமூணுக்கு மேலன்னா பெத்தவுக பூட்டு வைக்க வசதி வேணும். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனா நான் எத்தனை சர்டிபிகேட்டைத் திரையில ஓட்டியிருக்கேன்! அந்நேரம் ஜனங்க செருப்பை எங்க வைக்கலாம்னு பாப்பாக. அதை வாசிச்சவுக ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. "பெற்றோர் வழிகாட்டுதலோடு"ன்னு சர்க்கார் சொல்லுது. நீங்க என்னடான்னா இருட்டுல செல்போன் லைட் அடிச்சு, பிள்ளைக்குச் சீட்டு எங்க இருக்குன்னு வழி காட்டுதீக.

பெத்தவுகளைப் பத்திப் பேச்சு வந்ததால இதையும் சொல்லிருதேன். மோமோன்னு ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? முழி பிதுங்கின மொகம், கோழிக்கால். பிள்ளைக பாக்குற வீடியோவுக்குள்ள அது புகுந்து மிரட்டுதுன்னு 2019ல சீமையில இருந்து நம்ம வாட்ஸப் குரூப் வரைக்கும் ஒரே ஒப்பாரி. விசாரிச்சவுக, அப்படி நடந்ததுக்கு ஆதாரமே கிடையாதுன்னுட்டாக. அது ஜப்பான்ல ஒரு சிற்பி 2016ல கண்காட்சிக்குச் செஞ்சு வச்ச சிலை. ரப்பர் மக்கிப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு அவரே சொல்லிட்டாரு. குப்பையில கிடந்த அந்த மூஞ்சியை எடுத்துக்கிட்டு வந்து பிள்ளைக மூக்குக்கு நேரா நீட்டி, "இதைப் பாத்தியா? பாத்தா அப்பாகிட்டச் சொல்லணும், என்ன?"ன்னு கேட்டது யாரு? எல்லாரும் பாசமுள்ள தகப்பன்மாரு.

ஆனா நிசமான வம்பு இல்லாம இல்ல. 2017ல யூடியூப்ல, பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் மொகங்களையே வச்சு, பல்லைப் பிடுங்குறது, ஊசி குத்துறதுன்னு கண்றாவி கண்றாவியாப் படம் பண்ணிப் போட்டிருந்தாக. கம்பெனி அந்த வருசக் கடைசியில கூட்டம் கூட்டமா அழிச்சுது. நல்ல கார்ட்டூன் ஒண்ணைப் போட்டுக் குடுத்துட்டு நீரு மீட்டிங்னு போயிருவீரு. அடுத்தது தானா ஓடும், அதுக்கடுத்ததும் தானா ஓடும். எங்க டாக்கீஸ்ல ரீல் தீந்தா லைட்டைப் போட்டே ஆகணும். பிள்ளைக திரும்பி, தாய் அங்கனதான் இருக்காளான்னு ஒரு பார்வை பாத்துக்கிரும். இப்பம் உள்ள பொட்டி பிள்ளைக்கு அந்த அவகாசத்தைக் குடுக்காது. நீருதான் குடுக்கணும்.

என்ன செய்யணும்ங்கீரா? சின்னதுகிட்ட, "அது நிசமில்லம்மா, நடிப்பும்மா, கிராபிக்ஸும்மா"ன்னு பிரசங்கம் பண்ணாதேயும். அது பெரிய பிள்ளைக்குத்தான் வேலை செய்யும். சின்னதுகளையே கேட்டிருக்காக, பயம் வந்தா என்ன செஞ்சாத் தேவலைன்னு. கையில ஒரு போர்வை, ஒரு பொம்மை, திங்கக் குடிக்க ஏதாவதுன்னு அதுக சொல்லியிருக்கு. நம்ம தாய்மாரு முந்தானையால மொகத்தை மூடிவிட்டு, கையில ஒரு கடலைமிட்டாயைத் திணிச்சப்ப விஸ்கான்சினைக் கேட்டா செஞ்சாக? இன்னொண்ணு, கண்ணைப் பொத்துறது சின்னதுக்குப் பயத்தைக் குறைக்கும். கொஞ்சம் பெருசுக்கு அது எதிரா வேலை செய்யும். சத்தத்தை மட்டும் கேட்டு அது மனசுக்குள்ளயே ஒரு படம் எடுத்துரும். உம்ம டைரக்டரை விட நல்லா எடுக்கும். அதனால மூத்தவன் கண்ணைப் பொத்தாம, அவன்கிட்டப் பேசும். என்ன பாத்தான், என்ன நினைச்சான்னு கேளும். நடுவுல "ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா?"ன்னு மட்டும் ஆரம்பிக்காதேயும். சுடலைமாடன் கொடைக் கதையை நான் அவன்கிட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொரு வைத்தியம் இருக்கு, அது கொஞ்சம் அருமையானது. 1939ல வந்த 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்துல பச்சை மூஞ்சிச் சூனியக்காரியா நடிச்சவுக மார்கரெட் ஹாமில்டன். அமெரிக்காவுல தலைமுறை தலைமுறையாப் பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில ஒளிய வச்ச அம்மா அது. 1976ல 'செசமி ஸ்ட்ரீட்'ங்கிற பிள்ளைக நிகழ்ச்சியில அவுக அதே வேசத்துல வந்தாக. பிள்ளைக மிரண்டு போச்சுன்னு பெத்தவுக கிட்ட இருந்து கடுதாசி குவிஞ்சு, அந்தப் பகுதியை அப்புறம் மறு ஒளிபரப்பே பண்ணல. அதுக்கு முந்தின வருசம் அதே அம்மா, ஃபிரெட் ராஜர்ஸ்ங்கிறவரு நடத்தின இன்னொரு பிள்ளைக நிகழ்ச்சிக்கும் போயிருந்தாக. அங்க அவுக வேசத்துல வரல. சாதாரணமா, நம்ம பக்கத்து வீட்டு ஆச்சி மாதிரி உடுத்திக்கிட்டு வந்தாக. உக்காந்து பேசினாக. அப்புறம் பிள்ளைக பாத்துக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கறுப்புப் பாவாடை, அப்புறம் மேல அங்கி, அப்புறம் தொப்பின்னு ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு, சூனியக்காரிச் சிரிப்பையும் சிரிச்சுக் காட்டினாக. அவுகதான், அதே வேசம்தான். ஒரு இடத்துல பயத்தைக் குடுத்துச்சு, இன்னொரு இடத்துல பயத்தை வாங்கிக்கிட்டுப் போச்சு. 1980ல அந்த ராஜர்ஸ், ஹல்க் எடுக்குற இடத்துக்கே போயி, அந்தப் பச்சை மனுசனுக்கு எப்படிச் சாயம் பூசுதாகன்னும் பிள்ளைகளுக்குக் காட்டினாரு.

இதை நம்ம ஸ்பெசல் நாடகக்காரன் எப்பமோ செஞ்சுட்டான். 'அரிச்சந்திரா'வுல மயான காண்டம் வந்தா, லோகிதாசன் பாம்பு கடிச்சுச் செத்து, சந்திரமதி அழுது, ஊரே அழும். பிள்ளைகளுக்கு ஏங்கி ஏங்கி விக்கல் வந்துரும். ஆனா சாயங்காலமே அதுக கொட்டகைக்குப் பின்னால போயி, கீத்து இடுக்கு வழியா அரிதாரம் பூசுறதைப் பாத்திருக்கும். நடுவுல பபூன் வந்து எல்லாரையும் சிரிக்க வச்சுட்டுப் போவான். விடிஞ்சு பாத்தா, செத்துப்போன லோகிதாசன் கிணத்தடியில வேப்பங்குச்சியால பல்லு விளக்கிக்கிட்டு நிப்பான். அதனால சின்னவளுக்குப் பூதம்னா பயம்னு சொன்னா, கரியையும் மஞ்சளையும் குழைச்சு அவ கையில குடுத்து, உம்ம மூஞ்சியில பூசச் சொல்லும். பாதி பூசும்போதே அப்பா எது, பூதம் எதுன்னு அவளுக்கு விளங்கிரும். எம் மக அதை ஒரு போட்டோ எடுத்து உம்ம ஆபீஸ் குரூப்ல போட்டா நான் பொறுப்பில்ல.

அதுக்காகப் பயமே இல்லாத படமாத் தேடி, பொம்மை பொம்மையா ஆடிப் பாடுறதை மட்டும் காலமெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கணும்னு நான் சொல்லல. பிள்ளைகளுக்குப் பயம் பிடிக்கும் மாப்ளே. கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து "பே!"ன்னா அலறிட்டு, மறுநிமிசம் "இன்னொரு தடவை தாத்தா"ங்கும். அந்த அலறலுக்கும் ராத்திரித் தூக்கத்துல வாற அலறலுக்கும் என்ன வித்தியாசம்? "பே!"ன்னவன் யாருன்னு அதுக்குத் தெரியும், போதும்னா நிறுத்துவான்னும் தெரியும். படத்தையும் அப்படிக் காட்டும். பக்கத்துல இரும். போதும்னா நிறுத்தும். ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் திரையே வேண்டாம், அஞ்சு வயசு வரைக்கும் ஒரு மணி நேரம் தாண்டாம இருக்கட்டும்னு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கு. அந்த ஒரு மணி நேரமும் நீரு கூட உக்காந்து பாக்கணும்னு விதி போட்டா, அது தன்னால அரை மணியாக் குறைஞ்சிரும். பத்து நிமிசத்துக்கு மேல உம்மால அந்தப் பாட்டைச் சகிக்க முடியாதுல்லா?

பூச்சாண்டியையும் போலீஸையும் வேலையை விட்டு நிறுத்திரும். பாவம், அவுகளும் வயசானவுக. சோறு வேண்டாம்னா, பசிக்கும்போது திங்கட்டும்னு விட்டுரும். எந்தப் பிள்ளையும் பசியை மறந்து பட்டினி கிடந்ததா எனக்குத் தெரியல. உங்களை மாதிரி போனைப் பாத்துக்கிட்டே சோத்தை மறந்தவுகளைத்தான் தெரியும்.

இப்பம் எந்திரியும். நீரு இங்கன வந்து உக்காந்து முக்கா மணி நேரம் ஆச்சு. உம்ம போன் உம்ம பையில இல்ல. நானும் அப்ப இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உள் ரூம்ல கதவு சாத்தியிருக்கு, சின்னவ சத்தத்தையே காணோம். போயிப் பக்கத்துல உக்காரும். பிள்ளை பயப்படுமா பயப்படாதான்னு கேட்டு என்கிட்ட வாங்கின பாடத்தை, அங்கன போயி அவ மூஞ்சியில பாத்துத் தெரிஞ்சுக்கிடும்.